வினாவிலே தெரியும் ஆள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒருவர் சொல்லும் விடையைக் கொண்டு அவரை அறிவது எல்லோர்க்கும் பழகிய வழி. கேட்கும் வினாவைக் கொண்டே ஒருவரை அறியலாமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்க அளவையியல் அறிஞர் றேமண்ட் ஸ்மல்லியன் (1919–2017), 1982 இல் வெளியிட்ட புதிர் நூலொன்றிலே ஒரு விசித்திரத் தீவைப் படைத்தார். அத்தீவார் வினாவன்றி வேறெதுவும் பேசார். முதல் வகையினர் 'ஆம்' என்பதே சரியான விடையாகும் வினாக்களை மாத்திரம் கேட்பர். இரண்டாம் வகையினர் 'இல்லை' என்பதே சரியான விடையாகும் வினாக்களை மாத்திரம் கேட்பர். "கடல்நீர் உப்பா?" என்பவர் முதல் வகை, "கடல்நீர் இனிப்பா?" என்பவர் மற்ற வகை.

அத்தீவான் ஒருவன், "நானும் என் தம்பியும், இருவருமே, இரண்டாம் வகையினரா?" என்று நம்மைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவன் முதல் வகையினனாயின் விடை 'ஆம்' ஆகும். அப்போது அவனே இரண்டாம் வகையினனாகிவிடுவான், இது முரண். ஆகவே அவன் இரண்டாம் வகையினன், விடை 'இல்லை'. இருவருமே அவ்வகையினர் அல்லர் எனவே, தம்பி முதல் வகையினன். ஒரு வினாவால் இருவரையும் அறிந்துகொண்டோம்!

இனி, "நானும் என் தம்பியும் ஒரே வகையினரா?" என்று அவன் கேட்டால்? கேட்பவன் எவ்வகையினனாயினும் தம்பி முதல் வகையினன் என்றே முடியும். கேட்டவன் யார் என்பதோ தெரியவே தெரியாது. சில வினாக்கள் கேட்பவனை மறைத்தும் விடுகின்றன.

நம் முன்னோரும் இதை எண்ணாதவரல்லர். பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை ஆறாக வகுப்பது கேட்பவனின் கருத்தை நோக்கியே. "அரிசி இருக்கிறதா?" என்று கடையிலே கேட்டால் அது கொளல்வினா, அடுப்பெரியாத வீட்டிலே கேட்டால் கொடைவினா. சொல் ஒன்றே, கேட்கும் நெஞ்சம் வேறு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். புதிதாக ஓர் இளைஞர் வந்தால் நாம் முதலிற் கேட்பவை யாவை? "தம்பி எவ்விடம்? எந்தப் பகுதி? ஆருடைய பிள்ளை?" அன்பினாலும் இவ்வாறு கேட்பதுண்டு. உறவு அறிய, வழித்துணை அறிய, கேட்கும் பெரியோர் பலர். வேறொன்றை அறியவும் கேட்பதுண்டு; அது யாதென்று இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. தீவிலே போல இங்கு விதி இல்லாமையால், வினாவை மாத்திரம் கேட்டு ஒருவரைக் குற்றஞ் சொல்லல் தகாது. ஆனால் விடை கிடைத்த பின் இருக்கையும் தேநீர்ப் பேணியும் மாறுமானால், கேட்டவர் எவ்வகையினர் என்பது தெரிந்துவிடுகிறது. வந்தவரைப் பற்றியோ நாம் ஒன்றும் அறிந்தோமில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்திலே கௌதமர் என்னும் குருவும் சத்தியகாமனிடம் கோத்திரத்தைத்தான் கேட்டார். பல இடங்களிற் பணிசெய்து வாழ்ந்த தன் தாய்க்கே அது தெரியாதென்று அவன் மறையாது கூறினான். அவன் வாய்மையையே குலத்துக்குச் சான்றாகக் கொண்டு, சமித்துக் கொணரச் செய்து, மாணவனாக ஏற்றார் அவர். வினா பழைய வினாவே. விடைக்குப் பின் அவர் செய்த செயலிலேதான் குருவைக் காண்கிறோம்.

பெரியோர்களே, எமது சங்கத்தின் வாசலிலே இனி வேறு வினாக்கள் எழட்டும். "என்ன படிக்கிறீர்? பண்ணோடு பாடுவீரா? சிறுவர் வகுப்புக்கு உதவுவீரா?" என்று கேட்போம். வருபவரை அறிவதற்கு அவையே போதும்; நாம் யார் என்பதையும் அவை அவருக்குச் சொல்லிவிடும்.