சிலம்பின் உள்ளே இருந்தது



நாகலாபுரம் போன்ற கரிசல் காட்டு ஊர்களுக்குக் கோவலன் கதை புதியதன்று. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் அதனை மேடை நாடகமாக்கினார். விடிய விடிய நடக்கும் நாடகத்தைக் காண வருவோர் முடிவை அறிந்தே வந்து அமர்வர். கோவலன் நம்பிக்கையோடு மதுரைக்குப் புறப்படும்போதே பார்ப்பவர் கண் கலங்கும். பாத்திரம் அறியாததை அவையோர் அறிந்திருப்பதே அவலச் சுவையின் ஊற்று.

மூல நூலாகிய சிலப்பதிகாரத்தில் அவ்வூற்றைத் திறப்பவை அணிகளே. வையை ஆற்றைப் பூக்கள் மூடிக் கிடக்கின்றன. கணவனும் மனைவியும் அதனைப் பூவாறு என வியந்து கடக்கின்றனர். வையையோ வரப்போகும் துயரை அறிந்து, தன் கண்ணீரை மலராடையால் மறைத்துக்கொண்டதாக இளங்கோவடிகள் பாடுகிறார். மதுரையின் மதிற்கொடிகளும் வரவேற்பனபோல் அசைந்து, வராதீர் என்று கைகாட்டுகின்றன. இலக்கணம் இதனைத் தற்குறிப்பேற்றம் என்னும். இங்கே அது வெறும் அழகன்று. தோற்றத்தைக் கிழித்து உண்மையைக் காட்டும் கருவி.

அரண்மனையிலும் தோற்றங்களே ஆள்கின்றன. கோப்பெருந்தேவி தன் ஊடலைத் தலைநோயாகக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே கள்வனைக் காட்டிக்கொடுக்கும் நல்லவனாக வந்து நிற்கிறான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். கதையில் உண்மையைச் சொன்ன தோற்றம் அது ஒன்றே. அதனையும் பொற்கொல்லன் களவு நூல் பேசிப் பொய்யாக்கிவிடுகிறான். பொய்த் தோற்றத்தை நம்பியதைவிட மெய்த் தோற்றத்தை நம்ப மறுத்ததே பெருங்கொடுமை.

இறுதியில் சிலம்பு உடைகிறது. வெளியே இரண்டும் ஒன்றே. உள்ளே அரசியினதில் முத்து, கண்ணகியினதில் மாணிக்கம். மணி தெறித்தவுடன் கள்வன் என்னும் சொல் கோவலனை விட்டு நீங்கி மன்னன்மேல் சென்று தங்குகிறது. அவனே அதனைத் தன் வாயால் ஏற்று உயிர் விடுகிறான். உடைத்துப் பார்த்திருக்க வேண்டிய பொருளை உடைக்காமல் தீர்ப்பளித்ததே அவன் குற்றம்.

பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் இவ்வட்டத்தின் கவிஞர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. உண்மையை மறைக்க அணி செய்வது பொற்கொல்லன் தொழில். அணியாலேயே உண்மையைத் திறப்பது இளங்கோவின் தொழில். மேலே வெடித்துக் கிடக்கும் கரிசல், அடியில் ஈரம் காப்பது. அவ்வீரம் வரை செல்லாத உவமை எவ்வளவு மின்னினாலும், உடைத்துப் பார்க்கப்படாத சிலம்பே ஆகும்.