மூக்குக் கண்ணாடியும் லேசர் கதிரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசத் தக்க பெருமக்கள் பலர் இவ்வவையில் இருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நம் போன்ற எழுத்தர்க்கும் சிறிது நேரம் ஒதுக்கிய செயலாளர் அவர்கட்கு நன்றி. வீட்டுக்குப் பயன்படும் பொருளாகப் பேசுமாறு பணித்தார்கள். நம் கரக்பூர்க் குடியிருப்பில் அண்மைக் காலமாக வீட்டுக்கு வீடு பேசப்படும் பொருள் ஒன்று உண்டு. மூக்குக் கண்ணாடியை விட்டொழிப்பதற்காகக் கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்பதே அது.

மருத்துவர் பேச வேண்டியதை எழுத்தர் பேசலாமா என்று சிலர் வினவக்கூடும். சிகிச்சை செய்வதற்கு மருத்துவர் வேண்டும், ஐயமில்லை. ஆயின் செய்துகொள்வதா என்ற முடிவை எடுக்க வேண்டியவர்கள் நாமே. கண்ணாடி அணிந்து நன்றாகப் பார்க்கும் ஒருவர்க்கு இச்சிகிச்சை கட்டாயமானதன்று. அவர் விரும்பித் தேடிக்கொள்வது. ஆகவே, எதற்காக விரும்புகிறோம் என்பதை முதலில் நமக்கு நாமே தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும்.

இச்சிகிச்சையின் வரலாற்றில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றுண்டு. 1929ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றியவர் இரங்கசாமி சீனிவாசன் என்னும் அறிவியலறிஞர். 1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம், விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டின்மீது எக்சைமர் லேசர் என்னும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றியுள்ள தசை கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் துல்லியமாக நீங்கிற்று. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் ஆகிய இருவரும் இவருடைய உடன் ஆய்வாளர்கள். ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவர் இதனைக் கண்ணுக்குப் பயன்படுத்தும் வழியை ஆராய, அவ்வாய்வு 1983ஆம் ஆண்டு வெளியாயிற்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இவ்வகை லேசரைப் பார்வைத் திருத்தத்திற்கு ஏற்றது.

இனி, சிகிச்சையில் நிகழ்வது யாது? கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போல வளைந்து நிற்கும் தெளிந்த படலம் ஒன்று உண்டு. மருத்துவர் அதனைக் கார்னியா என்பர். நாம் கருவிழிப் படலம் என்போம். கண்ணுள் நுழையும் ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படலத்திற்கே உரியது. கிட்டப்பார்வை உடையவர்க்கு, ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகிறது. படலத்தின் நடுப்பகுதியைச் சிறிது தட்டையாக்கினால், ஒளி விழித்திரையிலேயே குவியும். லாசிக் என்னும் முறையில், படலத்தின் மேற்பகுதியை மெல்லிய ஏடு போல் வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, ஏட்டை மீண்டும் மூடுவர். பி.ஆர்.கே. என்னும் பழைய முறையில் ஏடு வெட்டுவதில்லை. மேல்தோலை மட்டும் நீக்கிச் செதுக்குவர். சில நாள் வலி இருக்கும், பார்வை தெளிய நாளாகும். ஸ்மைல் என்னும் புதிய முறையில், படலத்தின் உள்ளேயே சிறு வில்லையொன்றை வெட்டிச் சிறு துளை வழியே எடுப்பர். எம்முறையாயினும், செதுக்கி எடுத்தது எடுத்ததே. அது மீண்டும் வளராது. முடிவு எடுப்போர் முதலில் நெஞ்சில் பதிக்க வேண்டியது இதுவே.

கணக்கெழுதும் நமக்குக் கணக்காகச் சொன்னால்தான் எதுவும் விளங்கும். கருவிழிப் படலத்தின் நடுப்பகுதிக் கனம் பொதுவாக ஏறத்தாழ 540 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே விஞ்சியது. லாசிக் முறையில் திறக்கும் ஏடு ஏறத்தாழ 110 மைக்ரான். ஒவ்வொரு பவருக்கும் செதுக்க வேண்டியது ஏறத்தாழ 14 மைக்ரான் என்று கொள்வோம். மைனஸ் 4 உடையவர்க்கு 56 மைக்ரான் போகும். 540இல் 110ஐயும் 56ஐயும் கழிக்க, எஞ்சுவது 374. ஏட்டின் கீழ் 250 மைக்ரானாவது எஞ்ச வேண்டும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எல்லை. ஆகவே இவர்க்கு இருப்புப் போதுமானது. இன்னொருவர்க்கு மைனஸ் 9. படலமோ 490 மைக்ரான்தான். அவர்க்கு 126 மைக்ரான் போக, எஞ்சுவது 254. விளிம்பில் நிற்கும் கணக்கு இது! கனம் தக்கதாக இருந்தும், படலத்தின் வடிவம் கோணலாகக் கூம்பும் இயல்புடையதாயின் லாசிக் கூடாது. செய்தால் படலம் மேலும் நலிந்து முன்தள்ளிப் பார்வை கெடும். இதனாலன்றோ படலத்தின் மேடுபள்ளங்களை வரைபடமாக அளந்து பார்த்த பின்னரே நல்ல மருத்துவர்கள் வாய் திறக்கிறார்கள்! "உமக்கு இது பொருந்தாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் மருத்துவரை நாம் நொந்துகொள்ளலாகாது. அவரே நம் கண்ணைக் காத்தவர்.

வயதும் பார்க்க வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர்க்கு இது கூடாது. நிரம்பியவர்க்கும், பவர் ஓராண்டுக்காவது மாறாமல் நின்றிருத்தல் வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும் பவரைச் செதுக்கினால், மீண்டும் கண்ணாடி வந்து சேரும். கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் பொறுத்திருக்க வேண்டும். கட்டுக்குள் வராத நீரிழிவு உடையோர், மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உடையோர், கண் வறட்சி மிகுந்தோர் ஆகியோர் மருத்துவரிடம் யாவற்றையும் ஒளிக்காமல் கூறல் வேண்டும். கண்ணுக்குள் ஒட்டுவில்லை அணிவோர், அளவெடுப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே அதனை நிறுத்துதல் வேண்டும். இல்லையேல் அளவே பிழையாகும்.

தக்கவர்க்குத் தக்கவாறு செய்தால் பெரும்பாலோர் கண்ணாடியின்றியே தெளிவாகப் பார்க்கின்றனர். அதனை மறுப்பார் இலர். ஆயினும் இச்சிகிச்சை செய்யாதன சில உண்டு. நாற்பதைத் தாண்டிய நம் போன்றோர்க்கு வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. மைனஸ் பவர் உடைய பெரியவர்கள் இன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழைக் கிட்டத்தில் வைத்துப் படிப்பதைக் காண்கிறோம். தூரப் பார்வையைத் திருத்திக்கொண்டால் அந்த வசதி போய்விடும். படிக்கத் தனிக் கண்ணாடி வாங்க நேரும். ஒரு கண்ணைத் தூரத்திற்கும் மற்றதைக் கிட்டத்திற்கும் அமைக்கும் முறையும் உண்டு. அது எல்லார்க்கும் ஒத்துக்கொள்வதில்லை. மேலும், மிகுந்த மைனஸ் உடையவர்க்கு விழித்திரை மெலிந்திருக்கும். முன்புறப் படலத்தைச் செதுக்குவதால் பின்புற விழித்திரை வலுவடையாது. கண்ணாடி போன பின்னும் அதனை ஆண்டுதோறும் சோதித்தல் இன்றியமையாதது.

இனி, நம் குடியிருப்புக்கே உரிய செய்திக்கு வருவோம். இரயிலை நம்பி வாழும் குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகளில் பலருக்கும் எஞ்சின் ஓட்டும் ஆசை உண்டு. சென்ற ஆண்டு அன்பர் ஒருவர் நம்மிடம் வந்து, "அண்ணே, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையனுக்கு லேசர் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். கண்ணாடி போய்விட்டால் லோகோ பைலட் தேர்வு எழுதலாம் அல்லவா?" என்றார். பையனுக்கு மைனஸ் ஒன்றரை. நாம் அறிவிக்கையை எடுத்து அவர்முன் வைத்தோம். உதவி லோகோ பைலட் பணிக்கு ஏ-1 என்னும் மருத்துவத் தரம் வேண்டும். இரு கண்ணும் கண்ணாடியின்றி 6/6 பார்க்க வேண்டும். பிளஸ் 2 வில்லையைக் கண்முன் வைத்து, மறைந்திருக்கும் தூரப்பார்வைக் குறையைக் கண்டறியும் சோதனையும் உண்டு. நிறம், இரவுப் பார்வை, பக்கப் பார்வை அனைத்தும் தேற வேண்டும். அதற்கும் மேலாக, பார்வைக் குறையைத் திருத்த லாசிக் முதலான அறுவை செய்துகொண்டோர் இப்பணிக்குத் தகுதியற்றவர் என்று 2024ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. எந்தக் கதவைத் திறப்பதற்காக அந்தத் தந்தை பணம் சேர்த்தாரோ, அதே கதவை அச்சிகிச்சை அடைத்திருக்கும்!

"மறைத்துவிட்டால் யார் அறிவார்?" என்று காதோடு சொல்வோரும் உளர். படலத்தின் வடிவை அளக்கும் கருவி அறியும். அன்றியும், பொய்யுறுதி கொடுத்துப் பெற்ற பணி என்றைக்கும் நிலையாது. லேசர் செய்துகொண்டோரில் சிலர்க்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதுண்டு. ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் சிக்னலை நோக்கிச் செல்பவரின் கண்ணை எண்ணிப் பார்த்தால், விதியின் கடுமை நமக்கு விளங்கும். அந்த இளைஞர் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னர்த் தேறி, எழுத்தர், கணக்கர் பணித் தேர்வுகட்கு இப்போது முனைந்து படிக்கிறார். நம் போன்ற எழுத்தர்க்குரிய சி-2 தரத்திற்குக் கண்ணாடி தடையன்று. இராணுவம், காவல் முதலிய பணிகட்கு விதிகள் வேறு வேறு, ஆண்டுக்காண்டு மாறுவன. எப்பணியாயினும் அவ்வாண்டு அறிவிக்கையைப் படித்த பின்னரே கண்ணைத் தொடுக.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பெண் கண்ணாடி அணிந்திருக்கிறாள் என்பதால் இரண்டு இடம் தட்டிப் போயிற்று என்றும், ஆகவே லேசர் செய்யப் போகிறோம் என்றும் கூறக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெண் தன் வசதிக்காக விரும்பினால் செய்துகொள்ளட்டும். அது அவள் உரிமை. பிறர் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதற்காகத் தன் கண்ணைச் செதுக்கிக்கொள் என்று அவளிடம் சொல்லும் உரிமை நம்மில் எவர்க்கும் இல்லை. இக்குடியிருப்பில் பையனைப் பெற்றோரும் பெண்ணைப் பெற்றோரும் நாமே. வரன் பேசும்போது கண்ணாடியைக் குறையாகச் சொல்வதில்லை என்று நாமே முடிவு செய்தால், எத்தனையோ வீடுகளில் இக்கேள்வியே எழாது.

மற்றொன்று நம் போன்று வெளி மாநிலத்தில் வாழ்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. விடுமுறையில் சென்னை சென்று, சிகிச்சை செய்துகொண்டு, உடனே கோரமண்டலில் ஏறித் திரும்பிவிடலாம் எனப் பலர் திட்டமிடுகின்றனர். சிகிச்சை சில நிமிடங்களில் முடியும் என்பது மெய்தான். ஆயின் மறுநாளும், சில நாள் கழித்தும், மாதம் கழித்தும் காட்ட வேண்டியிருக்கும். கண்ணைக் கசக்கலாகாது, தூசும் அழுக்கு நீரும் படலாகாது. அவசரம் நேர்ந்தால் அந்த மருத்துவர் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். போதிய விடுப்பு இல்லாதவர், அருகில் கொல்கத்தாவிலோ வேறு அண்மை நகரிலோ தொடர்ந்து காட்டக்கூடிய நல்ல கண் மருத்துவமனையை நாடுவதே அறிவுடைமை. செலவிலும் கணக்கு வேண்டும்: 7.5 பவருக்குக் குறைந்த பார்வைத் திருத்தத்தை வழக்கமான மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை. சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுத் தாள்களைக் குடும்ப அட்டை போலப் பத்திரமாக வையுங்கள். முதுமையில் கண்புரை அறுவை நேரும்போது, உள்ளே வைக்கும் வில்லையின் பவரைக் கணிக்க அவை உதவும்.

ஆகவே நாம் சொல்ல வந்ததை நான்கு வினாக்களில் தொகுத்துரைக்கலாம். நமக்கு இது எதற்காக? நம் படலத்தின் கனமும் வடிவும் இடந்தருகின்றனவா? நாம் நாடும் பணியின் விதி இதனை ஏற்கிறதா? செய்த பின் தொடர்ந்து காட்ட நாளும் வழியும் உண்டா? நான்கிற்கும் நெஞ்சறிய நல்ல விடை கிடைப்பின், அஞ்சாமல் செய்துகொள்க. ஒன்றிற்கேனும் விடை கிடைக்கவில்லையேல், பொறுத்திருக்க. கண்ணாடி நமக்கு எவ்வித இழிவும் செய்துவிடவில்லை. வேண்டும்போது அணிந்து, வேண்டாதபோது கழற்றி, பவர் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். செதுக்கிய படலத்தை மாற்றிக்கொள்ள இயலாது.

இறுதியாக, செயலாளர் அவர்கட்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை நம் சங்கக் கூடத்தில் பிள்ளைகட்குக் கண் சோதனை நடத்த ஏற்பாடு செய்வீர்களாயின், பதினெட்டு வயதில் லேசரைப் பற்றி முடிவு செய்ய நேரும் பிள்ளைக்கு, எட்டு வயது முதல் எடுத்த அளவுகள் கையில் இருக்கும். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!