வைக்கோல் ஆடும் நெகிழிச் செங்கல்லும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் கவிதைக்கு வழங்கும் பழம்பெயர்களுள் ஒன்று செய்யுள். செய்யப்படுவது செய்யுள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஓர் இயலே செய்யுளியல் என்னும் பெயர் பெற்றுள்ளது. கிரேக்க மொழியில் கவிதையைக் குறிக்கும் சொல்லும் செய்தல் என்னும் வேரிலிருந்து பிறந்ததே. ஸ்காட்லாந்து மக்கள் கவிஞனை 'மாக்கர்', அதாவது செய்பவன் என்று அழைத்தனர். 2004ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் தேசியக் கவிஞர்க்கு அச்சொல்லே பட்டமாக வழங்கப்பெறுகிறது. இவ்வாறு மூன்று நிலத்து மக்களும் கவிஞனைத் தச்சனுக்கும் குயவனுக்கும் பக்கத்திலேயே அமர்த்தினர்.

ஆதலின் கவிஞர் கூடியுள்ள இவ்வவையில் கைவினைப் பொருள்களைப் பற்றிப் பேசுவது புறம்பான பேச்சாகாது. ஐரோப்பாவின் பருவ விழாக்களில் கோரையாலும் வைக்கோலாலும் நூலாலும் செய்யப்படும் பொருள்கள், அவற்றின் வழித்தோன்றலாக இன்று நெகிழிச் செங்கற்களால் கட்டப்படும் உருவங்கள் ஆகியவையே இவ்வுரையின் பொருள். மரபு என்பது பழைமையில் உள்ளதா, மீண்டும் மீண்டும் செய்வதில் உள்ளதா என்னும் வினாவே இவற்றின் அடியில் உள்ள வினா. கவிஞர்க்கும் அதுவே வினா.

பெயரின் வரலாறு

கிறித்தவத்திற்கு முற்பட்ட ஐரோப்பியச் சமயங்களுக்கு வழங்கும் பெயர் 'பேகன்' என்பது. இப்பெயரைத் தமிழில் எழுதியவுடன் மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் நினைவுக்கு வருவான். அவனுக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை. இலத்தீனில் நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது இது. அச்சமயத்தார் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று, பிறர் சூட்டியது. ஆகவே இவ்வுரையில் 'முன்னைச் சமயம்' என்ற பெயரே ஆளப்படும்.

இன்று முன்னைச் சமயத்தைப் புதுப்பித்துப் போற்றுவோர் பலர், ஆண்டை எட்டுக் கால்களுடைய ஒரு சக்கரமாகக் காண்கின்றனர். கதிரவன் திரும்பும் நாள்கள் இரண்டு, பகலும் இரவும் ஒத்திருக்கும் நாள்கள் இரண்டு, அவற்றின் இடையே வரும் விழாக்கள் நான்கு என எட்டு. தனித்தனியே நோக்கின் இவற்றுட் சில மிகப் பழையவை. ஆயின் எட்டையும் ஒரே சக்கரத்தில் பூட்டியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1996இல் வெளிவந்த 'கதிரவனின் நிலையங்கள்' எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில், வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் பிரித்தானிய விழாக்களை ஒவ்வொன்றாக ஆய்ந்தார். பழைமை என்று நம்பப்பட்ட பல வழக்கங்கள் அண்மைக் காலத்தன என்பதை அவர் சான்றுகளுடன் காட்டினார். இச்செய்தி விழாக் கொண்டாடுவோரின் நெஞ்சை உடைத்திருக்க வேண்டும். ஆயினும் விழாக்கள் நின்றுவிடவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடையைக் கைவினைப் பொருள்களிடமே கேட்க வேண்டும்.

கவிஞரின் தெய்வம்

அயர்லாந்தில் பிப்ரவரி முதல் நாள் இளவேனிலின் தொடக்கம். அதற்கு முந்திய மாலையில் ஈரக் கோரையை அறுத்து வந்து மடித்து, நடுவில் சதுரமும் நான்கு புறம் கைகளும் உடைய சிலுவை ஒன்றைப் பின்னுவர். அதற்குப் பிரிஜிட் சிலுவை என்று பெயர். வாயில் மேலோ கூரையின் உட்புறத்திலோ அதைச் செருகி வைத்தால் வீட்டைத் தீ அண்டாது என்பது நம்பிக்கை. அடுத்த ஆண்டு புதுக் கோரையில் புதுச் சிலுவை பின்னப்படும்.

பிரிஜிட் என்பவர் கில்டேர் என்னும் ஊரில் மடம் நிறுவிய கிறித்தவத் துறவி என்று திருச்சபை போற்றுகிறது. ஆனால் 908இல் இறந்த கோர்மாக் என்னும் அரசரும் ஆயருமானவர் பெயரால் வழங்கும் பழைய ஐரிஷ் சொற்பொருள் நூல், பிரிஜிட் என்பவள் கவிஞர்கள் வழிபட்ட பெண்தெய்வம் என்று கூறுகிறது. அவளுக்கு அதே பெயருடைய சகோதரியர் இருவர் உண்டு என்றும், ஒருத்தி மருத்துவத்திற்கும் மற்றொருத்தி கொல்லர் தொழிலுக்கும் உரியவள் என்றும் அந்நூல் சொல்கிறது. கவிதையும் மருத்துவமும் கொல்லுத்தொழிலும் ஒரே பெயரில் உடன்பிறந்தன. 2023 முதல் பிரிஜிட் திருநாள் அயர்லாந்தில் அரசு விடுமுறை நாள் ஆயிற்று. தெய்வம் என்பாரும் துறவி என்பாரும் வாதிடலாம். ஆயின் இருவர் கையிலும் கோரை ஒரே விதமாகவே மடிகிறது.

எரியும் ஆடு

சுவீடனில் பனிக்கால விழாவிற்கு வைக்கோலால் ஆடு செய்து, சிவப்பு நாடா சுற்றி வீட்டில் வைப்பர். 1966இல் யேவ்லே என்னும் நகரத்தார் அந்தச் சிறிய ஆட்டைப் பேருருவாக்கினர். சதுக்கத்தில் 13 மீட்டர் உயரத்தில், 3 டன் எடையில் வைக்கோல் ஆடு எழுந்தது. அவ்வாண்டின் இறுதி இரவில் யாரோ அதற்குத் தீ வைத்துவிட்டனர். அடுத்த ஆண்டு மீண்டும் ஆடு எழுந்தது. அன்று முதல் பெரும்பாலான ஆண்டுகளில் அது எரிந்தோ சிதைந்தோ போயிருக்கிறது. ஐம்பதாம் ஆண்டு நிறைவாகிய 2016இல் திறப்பு விழா நடந்த அன்றே எரிந்தது. 2023இல் தீ வைப்பார் இல்லை. ஆனால் வைக்கோலில் நெல்மணி போல் தானியம் மிகுந்திருந்தமையால், காக்கை இனத்துச் சிறுபறவைகள் கூட்டமாய் வந்து ஆட்டைக் கொத்தித் தின்றன.

தீ வைப்பது குற்றம். அதைப் போற்றத் தேவையில்லை. ஆனால் மறு ஆண்டும் வைக்கோலைக் கட்டத் தொடங்கும் கைகளைப் போற்றாமல் இருக்க முடியாது.

வடநாட்டுப் புராணத்தில் இடித்தெய்வமாகிய தோரின் தேரை இழுப்பவை இரண்டு ஆட்டுக்கடாக்கள். இரவில் தோர் அவற்றை அறுத்து உண்பான். எலும்புகளை முறியாமல் தோலின் மேல் இட்டுவைப்பான். விடியலில் தன் சம்மட்டியால் வாழ்த்த, ஆடுகள் உயிர்பெற்று எழும். வைக்கோல் ஆடு இந்த ஆடுகளின் வழிவந்ததே என்று சொல்வோர் உண்டு. அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆயினும் யேவ்லே நகரத்தார் 1966இல் தொடங்கிய புதுவழக்கில், அறியாமலே அந்தப் பழங்கதையை நடித்துக் காட்டுகின்றனர். பழைமை என்று பொய்யுரைக்காமலே மரபு உண்டாவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கவிதை காத்த கதை

தோரின் ஆட்டுக் கதை இன்று கிடைப்பதற்குக் காரணம் கவிஞர் ஒருவரே. ஐஸ்லாந்து நாடு ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் கிறித்தவத்தை ஏற்றது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1220ஐ ஒட்டி, ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்னும் புலவர் 'எட்டா' என்ற நூலை இயற்றினார். அவரும் கிறித்தவரே. பழந்தெய்வங்களை வணங்குவதற்காக அவர் எழுதவில்லை. இளங்கவிஞர்களுக்குக் கவிதைக் கலை கற்பிக்க எழுதினார். அந்நாட்டுப் பழங்கவிதையில் பொன்னைப் பொன் என்று சொல்லாமல் 'சிஃபின் கூந்தல்' என்பர். சிஃப் என்னும் தெய்வப்பெண்ணின் கூந்தலை ஒருவன் வஞ்சகமாக வெட்டிவிட, குள்ளக் கம்மியர் பொன்னால் புதுக்கூந்தல் செய்து கொடுத்த கதை தெரிந்தாலன்றி அத்தொடர் விளங்காது. கதை மறைந்தால் கவிதை ஊமையாகிவிடும் என்று ஸ்நோரி அஞ்சினார். சமயம் கைவிட்ட கதைகளை யாப்பு காத்தது.

அதன் பயன் பின்னாளில் தெரிந்தது. 1972இல் ஐஸ்லாந்தில் முன்னைச் சமயத்தைப் போற்றும் சங்கம் ஒன்று தோன்றியது. 1973இல் அரசு அதனை ஏற்றது. அதன் தலைவராய் விளங்கிய ஸ்வேன்பியோர்ன் பேன்டேன்சன் ஓர் உழவர். மரபுவழிப் பாடல்களை இசையோடு ஓதவும் இயற்றவும் வல்ல கவிஞர்.

அதே எட்டா மரபின் பழம்பாடல் ஒன்றில் வரும் குள்ளர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து, 'காண்டால்ஃப்' உள்ளிட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு, 1937இல் 'ஹாபிட்' என்னும் கதையை வெளியிட்டார் டோல்கீன். அவர் படைத்த உலகத்திற்கு நாடெங்கும் ஆர்வலர் குழாம்கள் எழுந்தன. அவர்தம் கதைமாந்தர் இருவரின் பிறந்தநாள் செப்டம்பர் 22. பகலும் இரவும் ஒத்திருக்கும் இலையுதிர்கால நாளும் அதை ஒட்டியே வருகிறது. கதைக்கு எடுக்கும் விழா, பருவத்திற்கு எடுக்கும் விழாவின் வாயிலிலேயே வந்து நிற்பது ஓர் இனிய பொருத்தம்.

ஆர்வலர் குழாமும் கையால் செய்வதையே விரும்புகிறது. 1974இல் 'டாக்டர் ஹூ' என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடருக்காகக் கழுத்துத்துணி பின்னித் தருமாறு ஓர் அம்மையாரிடம் பலநிறக் கம்பளி நூல் தரப்பட்டது. தேவையான அளவுக்கு மட்டும் என்பதை உணராத அவர் நூல் முழுவதையும் பின்னி முடித்துவிட்டார். தரையைத் தொடும் அந்நீளமே கதைத்தலைவனின் அடையாளம் ஆயிற்று. இன்றளவும் ஆர்வலர் வரிசை எண்ணி, நிறம் எண்ணி, அதனைத் தம் கையால் பின்னுகின்றனர். கடையில் வாங்குவதைவிடப் பின்னுவதே அவர்க்குக் கொண்டாட்டம்.

ஆறு கற்களின் கணக்கு

இனி நெகிழிச் செங்கல்லுக்கு வருவோர், முதலில் ஒரு தச்சரைச் சந்திக்க வேண்டும். டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்பவர் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் 'லெகோ' என்று பெயரிட்டார். 1949இல் வெளிவந்த முதல் நெகிழிக் கற்கள், ஆங்கிலேயர் ஒருவர் முன்பே வடிவமைத்த கல்லைத் தழுவியவை. அடியில் குழல்கள் அமைத்து இறுகப் பற்றும்படி செய்த கல்லுக்கு 1958 ஜனவரி 28ஆம் நாள் உரிமம் கோரப்பட்டது. 1960இல் மரப்பொம்மைக் கிடங்கு தீப்பற்றி எரிந்ததும் மரவேலையை அந்நிறுவனம் கைவிட்டது. இங்கும் ஒரு தீயே பழையதை முடித்துப் புதியதற்கு வழிவிட்டது.

1958இன் கல் இன்றைய கல்லோடும் பொருந்தும். எட்டுக் குமிழ் உடைய ஒரே நிறக் கற்கள் ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாகப் பொருத்தலாம் என்று கோபன்ஹேகன் கணிதப் பேராசிரியர் சோரென் ஐலர்ஸ் கணித்துக் காட்டினார். ஆறு கல்லுக்கே இவ்வளவு என்றால், ஆயிரம் சொல் அறிந்த கவிஞன் இனிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று வருந்துவது தகுமோ?

டோல்கீன் படைத்த ரிவெண்டெல் என்னும் பள்ளத்தாக்கு 2023இல் 6,167 துண்டுகளாகப் பெட்டியில் அடைபட்டு விற்பனைக்கு வந்தது. அதே காலத்தில், பெட்டியோடு வரும் கையேட்டை மூடிவைத்துவிட்டு, தம்மிடமுள்ள கற்களால் பனிக்கால விழாவின் தீக்கட்டையையும் அறுவடை மேடையையும் வேனில் கம்பத்தையும் தாமே கற்பித்துக் கட்டுவோரும் உளர்.

மூன்று குறைகள்

இவ்விடத்தில் குறைகளையும் கூறுவதே நேர்மை. முதலாவது, வைக்கோல் மக்கும், நெகிழி மக்காது. பருவ விழாவின் உயிர்நிலை, பொருள் அழிந்து மீண்டும் பிறப்பதில் உள்ளது. மறுசுழற்சிக் குப்பிகளிலிருந்து கல் வார்க்கும் முயற்சியை அந்நிறுவனம் 2023இல் கைவிட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, தோரின் கதை யாருக்கும் உடைமையன்று. இன்றைய கதைகளுக்கோ உரிமையாளர் உளர். ஆர்வலர் தாம் நேசிக்கும் உலகத்திலேயே குடிக்கூலிக்கு இருப்பவர் போல் வாழ்கின்றனர். மூன்றாவது, கையேட்டைப் பார்த்து அடுக்குவதைப் படைப்பு என்று கூற இயலுமா?

முதற் குறைக்கு முழு விடை இல்லை. ஆயினும் கல் அழியாவிடினும் கட்டடம் அழியும் என்பதைக் கருத வேண்டும். பிரித்த கல் மறு பருவத்தில் வேறு உருவாகும். எந்தக் கவிஞனும் சொல்லைப் படைப்பதில்லை. பிறர் வாயில் புழங்கிய சொல்லையே பிரித்து அடுக்குகிறான். இரண்டாம் குறைக்கு ஸ்நோரி விடை பகர்வார்: கதையின் உரிமை ஏட்டில் யாருக்கு இருந்தாலும், அதன் வாழ்வு அதைத் திரும்பச் செய்வோரிடமே உள்ளது. மூன்றாம் குறை உண்மைக் குறையே. ஆனால் யாப்பிலக்கணம் கற்பவனும் முதலில் வாய்பாட்டின்படி வெண்பா அடுக்கியே பழகுகிறான். அங்கேயே நின்றுவிட்டால் அடுக்குபவன். ஒரு நாள் கையேட்டை மூடினால் செய்பவன்.

நிறைவாக

மரபுக்கு உயிர் தருவது வயதன்று. கோரைச் சிலுவையும் வைக்கோல் ஆடும் சொல்வது இதுவே: இழக்கத் துணிந்து, மறு ஆண்டும் அமர்ந்து செய்கிற கைகள் உள்ளவரை மரபு உண்டு. பழையது என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. புதியது என்று நாணவும் வேண்டியதில்லை.

இலக்கிய வட்டமும் அத்தகைய கைவினையே. ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் பாய் சுருட்டப்படுகிறது, நாற்காலிகள் மடிக்கப்படுகின்றன, விளக்கு அணைக்கப்படுகிறது. அடுத்த கூட்டத்திற்கு எவரும் வாராதிருந்தால் வட்டம் அங்கேயே முடிந்துவிடும். பத்தாண்டுகளாக யாரோ ஒருவர் வந்து கதவைத் திறந்திருக்கிறார். அந்தக் கைக்கே இவ்விழாவின் வணக்கம் உரியது.

வாழ்க செய்யுள், வளர்க செய்வோர்.