முருகைக்கற் சுவரும் விளக்கொளியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தேவாலயமொன்றுக்கு விளக்கமைக்க முற்படுவோர், விளக்குகளை வாங்கச் செல்லுமுன் ஒரு முழுப் பகலை அக்கட்டடத்தினுள்ளே கழித்தல் வேண்டும். ஆங்கு முதல் விளக்கு ஞாயிறே.

ஐரோப்பாவிலே வடபாற் சாளரத்தில் வெயில் பெரும்பாலும் படுவதில்லை. அதனூடே அமைதியான ஒளி வரும். யாழ்ப்பாணமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் உள்ளது. ஏப்பிரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்; இடைப்பட்ட மாதங்களில் வடபுறம் சாய்ந்து நிற்கும். ஆகவே இங்கு தென்சாளரத்தைப் போலவே வடசாளரத்துக்கும் இறவாரம் வேண்டும். போதகரின் முதுகுக்குப் பின்னே கிழக்குச் சாளரம் திறந்திருப்பின், காலை ஆராதனையில் அவர் முகம் கருநிழலாகவே தோன்றும். அதனை மாற்றுவதற்கு விளக்கைப் பெருக்குதல் வீண்செலவு. ஒரு திரையே போதும்.

ஒல்லாந்தரின் வழிபாட்டில் வேதவாசிப்பும் பிரசங்கமுமே நடுநாயகம். யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706இல் அவர்கள் எழுப்பிய ஆலயம் நான்கு கைகளும் ஒத்த சிலுவை வடிவினது. 1990இல் நிகழ்ந்த கோட்டைப் போரில் அது அழிந்தது. வட்டுக்கோட்டை ஆலயம் நிலைத்தது. 1816இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் அதனைக் கூரையற்ற நிலையிற் பெற்றுச் செப்பனிட்டனர். 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபின் அது யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமாயிற்று.

இத்தகைய ஆலயத்தில் மக்கள் அமர்ந்து கேட்பது மாத்திரமன்று; வாசிக்கவும் செய்கின்றனர். மாலை ஆராதனையில் முதியோர் ஒருவர் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் சிற்றெழுத்தைக் காணமுடியாது வாயடைத்து நிற்பாராயின், அவ்விளக்கமைப்பு எத்துணை அழகியதாயினும் தோற்றதே. புத்தகத்துக்கு மேல் 3 மீற்றரில் உள்ள சிறு விளக்கை 6 மீற்றருக்கு உயர்த்தினால், கிடைக்கும் ஒளி காற்பங்காகக் குறையும். மெழுகுதிரிக் காலத்துக் கொத்துவிளக்குகள் தாழத் தொங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம். இக்காலத்தில் அக்குறையை ஈடுசெய்யக் கூரையிலே வலிய எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்துகின்றனர். அவை கண்ணைக் கூசச் செய்வதோடு சுவரையும் வெறுந்தாள் போலாக்கிவிடுகின்றன. சுவருக்கு அண்மையிலிருந்து சாய்வாக விழும் மஞ்சள்சார்ந்த மெல்லொளியிலேதான் சுண்ணச்சாந்தின் மேடுபள்ளம் உயிர்பெறும்.

இன்னொன்று: முருகைக்கல் நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். அதிலே துளையிட்டு ஆணி அறைந்தால், இரும்பு துருவேறிப் பருத்துச் சாந்தைப் பிளக்கும். மின்கம்பியைச் சுவரிற் புதைக்காது, கூரையின் பனஞ்சிலாகைகளை ஒட்டிக் கொண்டுசென்று, அங்கிருந்தே விளக்குகளைத் தாழ இறக்குதல் நன்று.