ஒரு கணினிக்கு இரு திரைகள்

நூலையும் குறிப்பேட்டையும் அருகருகே விரித்து வைத்துப் படிப்பது கற்றோர் வழக்கம். கணினிக்குத் திரை ஒன்றேயாயின் இவ்வசதி கிட்டுவதில்லை. ஒன்றைக் காண மற்றொன்றை மறைத்தல் வேண்டும். இக்குறையைப் போக்குவதே இரு திரைகளைப் பொருத்தும் முறை. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்ரோஷ் 2 கணினி இதற்கு இடமளித்தது. 1998இல் வெளிவந்த விண்டோஸ் 98 இவ்வசதியைச் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் உரியதாக்கிற்று.

இரண்டாந் திரையை வாங்குமுன் கணினியின் பின்புறத்தை நோக்குதல் வேண்டும். ஆங்கே 1987இல் தோன்றிய வி.ஜி.ஏ. இருக்கலாம், 2002இல் வரையறுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. இருக்கலாம், 2006இல் வந்த டிஸ்பிளே போர்ட்டும் இருக்கலாம். இவற்றுள் முன்னையதற்கும் பின்னைய இரண்டிற்கும் சமிக்ஞை முறை வேறு. ஆதலின் வெறும் வடம் போதாது. மாற்றும் கருவி வேண்டும். எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ. ஆக்கும் கருவி மறுதலையாகத் தொழிற்படாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கணினியில் தனியான வரைகலை அட்டை இருப்பின், இரு வடங்களையும் அவ்வட்டையிலேயே பொருத்துதல் நன்று.

பொருத்தியபின் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் ஒருசேர அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். அவற்றுள் 'நகல்' என்பது ஒரே காட்சியை இரு திரைகளிலும் காட்டும். 'விரிவு' என்பது இரண்டையும் ஒரே பெருமேசையாக்கும். வகுப்பறைச் சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரும் கணினிக்கு இரண்டாந் திரையே. நகல் முறையில் ஆசிரியர் மாணவர் புள்ளிப் பட்டியலைத் திறப்பாராயின், அது சுவரிலும் தோன்றும். குறைந்த புள்ளி பெற்ற பிள்ளை சகமாணவர் முன் கூனிக் குறுகும் நிலையைப் பின்னர் எவ்விசையாலும் மாற்ற இயலாது. விரிவு முறையில் பாடம் சுவரிலும் பட்டியல் ஆசிரியர் முன்னும் நிற்கும்.

இரண்டாந் திரை இருண்டு கிடப்பின், அது பழுதென்று முடிவுகட்டிப் புதிது வாங்க விரைதல் தகாது. முதலில் மின்னிணைப்பையும், அடுத்துத் திரையின் பொத்தான்களால் உரிய உள்ளீடு தெரியப்பட்டுள்ளதா என்பதையும், பின்னர் வடத்தின் இரு முனைகளையும் பார்த்தல் வேண்டும். பயனின்றேல், நன்கு இயங்கும் திரையின் வடத்தை இருண்ட திரைக்கு மாற்றுக. திரை ஒளிர்ந்தால் குறை பழைய வடத்திலோ அது செருகப்பட்டிருந்த துவாரத்திலோ உளது. அவ்வடத்தை நல்ல துவாரத்திற் செருகிப் பார்த்தால் எதில் என்பது தெளியும். ஒளிராவிடின் மட்டுமே திரையை ஐயுறலாம்.

சுட்டி இடப்புறத் திரைக்குச் செல்ல மறுத்து வலப்புறமாய் ஓடுமாயின், அது பழுதன்று. காட்சி அமைப்பில் 1, 2 என எண்ணிட்ட கட்டங்களை, மேசையில் திரைகள் நிற்கும் ஒழுங்கிற்கேற்ப இழுத்து வைத்தாற் சரியாகும். எழுத்து மங்கித் தோன்றின், அத்திரைக்குப் பரிந்துரைக்கப்பட்ட புள்ளியளவைத் தெரிதல் வேண்டும்.

இச்சோதனைகளுக்குச் செலவாவது சில நிமிடங்களே. வடம் ஒன்றே குற்றவாளியாயின் ஒரு புதுத் திரையின் விலை மிஞ்சும். சிற்றூர்ப் பாடசாலைக்கு அது சிறு தொகையன்று.