தீயை எவ்வளவு நேரம் காட்டலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் கண்டி யட்டிநுவர வீதியில் ஒரு கட்டிடம் தீப்பற்றியது. மேல்மாடியில் சிக்கிய பெற்றோர் பிள்ளைகளைக் கீழே விட, தெருவில் நின்றவர்கள் கையேந்திப் பிடித்தார்கள். கைபேசியில் எடுத்த அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டால் நம்மில் யாருக்குத் தெரியும்? தீ அப்படிக் கண்ணைக் கட்டிவிடுகிறது. உயிர்களைப் பலிகொண்ட தீ விபத்தைப் பற்றித் தொலைக்காட்சிக்கு விவரணப் படம் தொகுப்பவருக்கு வரும் சோதனையும் இதுதான்.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் ஓலைக்கூரைக்குத் தாவியது. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. இறங்கி ஓட இருந்ததோ ஒடுங்கிய படிக்கட்டு. 94 பிள்ளைகள் போய்விட்டார்கள்.

இதைப் படமாக்க உட்காரும் தொகுப்பாளரிடம் இரண்டு வகைச் சரக்கு இருக்கும். ஒன்று புகை, கரிந்த சுவர், ஆஸ்பத்திரி வாசலில் கதறும் பெற்றோர். மற்றது வெறும் காகிதம்: நீதிபதி சம்பத் ஆணையத்தின் விசாரணை, பள்ளிகளின் தீப் பாதுகாப்பு பற்றி 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, 2014 ஜூலை 30இல் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று கண்ட தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு. தீ எரிந்து தணிந்தது ஒரே நாளில். தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள். படத்தின் நேரத்தை இந்த இரண்டுக்கும் எப்படிப் பங்கிடுவது?

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாய் பேட்டி கொடுக்கிறார். நீண்ட பேச்சின் நடுவே வெட்டி ஒட்டினால், ஒட்டிய இடத்தில் முகம் ஒரு துள்ளல் துள்ளும். அதை மறைக்க, குரலை ஓடவிட்டு மேலே வேறொரு காட்சியைப் போடுவார்கள். கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது நெருப்புக் காட்சிதான். "காலையில் தலை சீவி அனுப்பினேன்" என்று அவர் சொல்லும்போது திரையில் சுவாலை. அந்த நொடியில் நாம் அவரைக் கேட்பதை விட்டுவிடுகிறோம். அங்கே நெருப்பைப் போடுவதைவிட முகம் துள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தை வெட்டாமல், இசையாலும் நிரப்பாமல் வைக்கலாம். காட்சி போதவில்லை என்று வேறெங்கோ எரிந்த கட்டிடத்தின் படத்தைச் செருகுவது மட்டும் கூடவே கூடாது. அது பொய்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2015 ஒக்டோபர் 30 அன்று கலெக்டிவ் என்ற இரவு விடுதி எரிந்தது. அதைப் பற்றி அலெக்சாண்டர் நனாவ் 2019இல் எடுத்த படத்தில் தீ, தொடக்கத்தில் சிறிது நேரமே வருகிறது. பிறகு படம் மருத்துவமனைகளுக்குள் போகிறது. தீயில் தப்பியவர்கள் அங்கே நோய்த்தொற்றில் இறந்ததையும், கிருமிநாசினியில் தண்ணீர் கலந்திருந்ததையும் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுப்பதே படத்தின் பெரும்பகுதி. இரண்டு பிரிவுகளில் ஒஸ்கார் பரிந்துரை பெற்ற படம் அது. காகிதத்தைக் காட்டினால் மக்கள் பார்க்கமாட்டார்கள் என்ற சாக்கு அதோடு செல்லாமல் போயிற்று.

நம் பக்கத்திலும் இதற்கு வேலை இருக்கிறது. தோட்டத்து லயத்தில் தீப்பிடித்தால் செய்தியில் சுவாலையும் அழுகையும் வரும். ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் நிரையாக இருப்பதால்தான் தீ ஒரே ஓட்டமாக ஓடியது என்பது அரை வரியில் முடிந்துவிடும். அந்த அரை வரியைத்தான் விவரணப் படம் விரித்துச் சொல்ல வேண்டும். கூரையைக் காட்ட வேண்டும். அதை மாற்ற வேண்டியவர் யார் என்று கேட்க வேண்டும்.

கண்டி நகரில் கடைகளுக்கு மேலே எத்தனையோ டியூஷன் வகுப்புகள் நடக்கின்றன. ஒரு தீ விபத்துப் படத்தைப் பார்த்து முடித்தவர், தன் பிள்ளை படிக்கும் மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி என்று மறுநாள் போய்ப் பார்த்தால், தொகுப்பாளர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தூங்கப் போனால், படத்தில் தீ கொஞ்சம் கூடிவிட்டது என்று அர்த்தம்.