அசையும் பக்கங்கள்



அசைவைப் பற்றி வானொலியில் பேச முற்படுவது சற்று வேடிக்கையான காரியந்தான். கண்ணுக்கு உரியதைக் காதுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயினும் நீங்கள் நாள்தோறும் கைபேசியிலும் கணினியிலும் கண்டு பழகியதையே சொல்லப் போகிறேனாதலால், கேட்கும்போதே காட்சியும் மனத்தில் தோன்றிவிடும் என்று நம்புகிறேன்.

ஓர் இணையதளத்தில் பட்டியலொன்றை விரிக்கிறீர்கள். அது திடுமெனத் தோன்றினால், எங்கிருந்து வந்தது என்று கண் ஒரு கணம் தடுமாறுகிறது. ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து நின்றாலோ, மூடும்போது அது எங்கே போய் மறையும் என்பதும் விளங்கிவிடுகிறது. தெருக்கூத்தில் அரச வேடம் பூண்டவர் எடுத்த எடுப்பில் அரங்கில் வந்து குதிப்பதில்லை. இருவர் திரை பிடிப்பர். அதன் பின் நின்று அவர் பாடுவார். பிறகே முகங் காட்டுவார். வருகிறவர் இன்னார் என்று அவையோர் மனம் ஆயத்தமாவதற்கு அது இடந் தருகிறது. வலைப்பக்கத்தில் நாம் சேர்க்கும் நிலைமாற்ற அசைவுக்கும் ஏறக்குறைய அதுவே வேலை.

முன்னாளில் இதற்குப் பெரும்பாடு படவேண்டியிருந்தது. ஃபிளாஷ் என்னும் தனி மென்பொருளை நாடினார்கள். அல்லது ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதி ஒரு பெட்டியை இம்மி இம்மியாக நகர்த்தினார்கள். பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சி.எஸ்.எஸ். மொழிக்குள்ளேயே அசைவையும் சொல்லிவிடலாம் என்று 2007-இல் வெப்கிட் குழுவினர் வழி காட்டினர். 2009-இல் அதன் முதல் வரைவை டபிள்யூ3சி என்னும் இணையத் தர அமைப்பு வெளியிட்டது. இன்று ஒரு வரி போதும். எந்தப் பண்பு மாறவேண்டும், எவ்வளவு நேரத்தில், எந்த நடையில், எவ்வளவு தாமதித்து என்னும் நான்கையும் சொல்லிவிட்டால், இடைப்பட்ட நிலைகளை எல்லாம் உலாவியே கணக்கிட்டுக்கொள்கிறது.

நடை என்றேனே, சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் முதல் விநாடியிலேயே முழு வேகம் கொள்வதுண்டா? நிற்கும்போதும் மெல்லத் தளர்ந்தன்றோ நிற்கிறது? தொடக்கமுதல் இறுதிவரை ஒரே வேகத்தில் நகரும் பெட்டி உயிரற்றதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். இந்த வேக மாற்றத்தை உலாவிக்கு ஒரு வளைகோட்டால் சொல்கிறோம். அதற்கு நான்கே எண்கள். அந்தக் கோடு பியேர் பெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரைத் தாங்கியது. அவர் 1960-களில் ரெனோ நிறுவனத்தில் மோட்டார் வண்டிகளின் உடல் வளைவுகளை வரைவதற்காக அத்தகைய கோடுகளைக் கையாண்டார். வண்டியின் வளைவை வரைந்த கணிதம் ஒரு பொத்தானின் வேகத்தை ஆளுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே.

மற்றொன்று. பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. பெட்டியின் அகலத்தை மாற்றி அசைத்தால், அருகிலுள்ளவை எங்கே நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் உலாவி மறுபடி கணக்கிட நேரும். பந்தி நடுவே ஒருவர் வந்து அமர்ந்தால் வரிசை முழுவதும் நகர்ந்து இடம் விடுவதில்லையா, அதுபோல. டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி ஆகிய பண்புகளை மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. வரைந்து முடித்த தாளை அப்படியே நகர்த்துவதும் மங்கச் செய்வதும் உலாவிக்கு எளிய வேலை.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் ஒரு பிழை செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி நூலகம் ஒன்றுக்குத் தளம் அமைத்துக் கொடுத்தேன். நூல்களின் அட்டைகள் இருபுறமும் இருந்து பாய்ந்து வரும்; பின்னணியில் மலைகள் வேறொரு வேகத்தில் நகரும். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைக் கண்டு, "தம்பி, அந்தப் பக்கத்தைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத்தான் புத்தகம் பதிவு செய்கிறேன். என்ன படிக்கிறேன் என்பதை அவனிடம் சொல்லவேண்டியிருக்கிறதே" என்றார்.

அவருக்கு உட்செவியில் கோளாறு. உடல் அசையவில்லை என்று செவி சொல்ல, அசைகிறது என்று கண் சொன்னால் மயக்கமும் குமட்டலும் உண்டாகும். 2013-இல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோதும் கைபேசித் திரையின் பாய்ச்சல்களைப் பற்றி இவ்வாறே பலர் முறையிட, அதே ஆண்டு அக்டோபர் மாதத் திருத்தத்தில் அவற்றைக் குறைக்க வழி செய்தார்கள். ஒருவர் தம் கருவியில் 'அசைவைக் குறை' என்று குறித்து வைத்தால் அதை வலைப்பக்கமும் அறிந்துகொள்ளும் வசதி 2017-இல் சஃபாரி உலாவியில் வந்தது. 2018-இல் ஃபயர்ஃபாக்ஸும் 2019-இல் குரோமும் அதை ஏற்றன. நான் தளம் அமைக்கும்போது இவை யாவும் கைவசம் இருந்தன. நான்தான் நினைக்கவில்லை.

அன்றிரவே உட்கார்ந்து திருத்தினேன். அவ்வாறு குறித்தவர்களுக்குப் பாய்ச்சல்கள் நீங்கி, அட்டைகள் இருந்த இடத்திலேயே மெல்லத் தெளிந்து தோன்றும்படி செய்தேன். மறுநாள் அந்த அம்மையாரின் கைபேசியில் அமைப்புகளைத் திறந்து அந்தக் குறியை எங்கே இடுவது என்றும் காட்டிக் கொடுத்தேன். மலைகளை எல்லோருக்குமே நிறுத்திவிட்டேன். அவற்றைக் காணோமே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பட்டியல் மட்டும் ஓரத்திலிருந்து கால் விநாடியில் வந்து நிற்கிறது. அந்த வாரமே அம்மையார் மூன்று நூல்களைத் தாமே பதிவு செய்திருந்தார். அவை எவை என்று நான் பார்க்கவில்லை.